பழைய வால்பேப்பரை உரித்து எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலிலோ படுக்கையறையிலோ ஒரே ஒரு சுவருக்கு ஆசையாக ஒட்டிய வால்பேப்பர் சில வருடங்களில் ஓரம் தூக்கும், நிறம் மங்கும், சில வீடுகளில் பின்னால் கருத்தும் போயிருக்கும். அதை எடுத்துவிட்டுப் பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. சிமென்ட் பூச்சின் மேல் பட்டி (சுவரைச் சமமாக்கும் மெல்லிய பூச்சு) பார்த்து எமல்ஷன் (தண்ணீர் சார்ந்த பெயின்ட்) அடித்த தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களை மனத்தில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

வால்பேப்பரை எடுக்காமல் அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிடலாமா?

வேண்டாம். இங்கே விற்கும் வால்பேப்பர்களில் பெரும்பாலானவற்றின் மேல்பரப்பு வினைல். எமல்ஷன் அதில் பிடிக்காது. நகத்தால் கீறினாலே தோல் போல உரிந்து வரும். பெயின்டில் உள்ள தண்ணீர் இணைப்புகளின் வழியே உள்ளே இறங்கிப் பசையை இளக்கிவிடும். ஓரங்கள் தூக்கி, நடுவில் கொப்புளம் எழும். தாளும் தாளும் சேரும் கோடுகள் எத்தனை கோட் அடித்தாலும் மறையாது. பிற்காலத்தில் எடுக்க நினைக்கும்போது வேலை இன்னும் கடினம். தாளின் மேல் பெயின்ட் படலம் இருந்தால் தண்ணீர் பசை வரை போகவே போகாது.

பழைய தாளின் மேல் புதுத் தாள் ஒட்டுவதற்கும் இதே பதில்தான். இரண்டு தாளின் எடையையும் பழைய பசை தாங்க வேண்டியிருக்கும்.

எங்கள் சுவரில் இருப்பது எந்த வகை வால்பேப்பர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பீரோவுக்குப் பின்னாலோ கதவு மறைவிலோ, கீழ் மூலையில், மெல்லிய கத்தியால் இரண்டு அங்குலம் தூக்கிப் பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

மேலே பிளாஸ்டிக் போன்ற படலம் மட்டும் பிரிந்து, சுவரில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ தாள் தங்கினால், அது காகித அடித்தளம் கொண்ட வினைல் வால்பேப்பர். நம் ஊரில் அதிகம் இருப்பது இதுதான். 53 செ.மீ. அகலமும் 10 மீட்டர் நீளமும் கொண்ட சுருளாக வரும். கொரிய வகைச் சுருள் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலமும் 15 மீட்டருக்கு மேல் நீளமும் இருக்கும்.

முழுத் தாளும் ஒரே துணி போலக் கழன்று வந்தால் அது நெய்யாத இழை அடித்தளம் கொண்டது. எடுப்பதற்கு இதுவே எளிது. தாளின் பின்பக்கம் விரலில் பிசுக்கென்று ஒட்டினால் அது ஸ்டிக்கர் வகை. பெரும்பாலும் 45 செ.மீ. அகலம். விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கி, செங்கல் வடிவம் தெரிந்தால் அது ஃபோம் ஸ்டிக்கர்.

தண்ணீர்ச் சொட்டு ஒன்றையும் மேலே வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஊறிக் கருத்தால் வெறும் காகிதம். உருண்டு நின்றால் வினைல். வினைலின் மேல் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் வீண். அந்தப் படலத்தை எடுத்த பிறகே தண்ணீருக்கு வேலை.

சுவரின் தன்மையையும் பார்க்க வேண்டுமா?

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாளைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பார்கள். சுவரைப் பார்க்க மாட்டார்கள். சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றினால் விளிம்பில் அடுக்குகள் தெரியும். வெள்ளை சிமென்ட் பட்டி தண்ணீர் தாங்கும். நனைத்து வேலை செய்யலாம். அக்ரிலிக் பட்டியோ சாக்பொடியில் செய்த பட்டியோ அதிகம் ஊறினால் குழைந்துவிடும். தாளோடு சேர்ந்து வந்துவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஜிப்சம் பூச்சுகளும் அப்படியே. ஈரத்தில் மென்மையாகி, தகடு பட்டதும் பள்ளம் விழும். இவற்றின் மேல் தண்ணீரைப் பனி போல் தெளித்து, சிறு சிறு பகுதியாகச் செய்யுங்கள்.

பழைய வீடுகளில் சுண்ணாம்பின் மேலோ டிஸ்டெம்பரின் மேலோ நேராக வால்பேப்பர் ஒட்டியிருப்பார்கள். ஈர விரலால் தேய்த்தால் மாவு மாவாக வரும். இந்தச் சுவரில் தாள் சுலபமாக வந்துவிடும், கூடவே சுண்ணாம்புப் பொருக்கும் வரும். அதைத் தடுக்க முயல வேண்டாம். தளர்ந்த சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டி எடுப்பதுதான் சரி. மேலே எது பூசினாலும் அது அந்தப் பொருக்கைத்தான் பிடித்துத் தொங்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

பத்துக்குப் பத்து அடிச் சுவர் ஒன்றுக்கான கணக்கு இது: 4 அங்குலப் பட்டித் தகடு ஒன்று, மூலைகளுக்கு 2 அங்குலத் தகடு ஒன்று. தகட்டின் இரு கூர்முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்துச் சற்று வளைவாக்கிக்கொள்ளுங்கள். சுவரில் கீறல் விழுவது பெரும்பாலும் அந்த முனைகளால்தான். செடிகளுக்கு மருந்து அடிக்கும் 2 லிட்டர் கைப்பம்பு ஸ்ப்ரேயர், இரண்டு வாளி, இரண்டு பெரிய ஸ்பாஞ்ச், பழைய பருத்தித் துணிகள், தரைக்குத் தார்ப்பாய், மாஸ்கிங் டேப், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. பூஞ்சைச் சந்தேகம் இருந்தால் என்95 முகக்கவசம்.

தண்ணீர் தெளிக்க 4 முதல் 6 லிட்டர், பசையை ஒருமுறை கழுவப் பதினான்கு வாளி வரை ஆகும். ஒருவர் நிதானமாகச் செய்தால் ஒரு சுவர் ஒரு நாள் வேலை. அவசரப்படுத்தி அரை நாளில் முடித்தால் மிச்ச நேரம் பட்டி பார்ப்பதில் போய்விடும்.

தொடங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

அந்த அறைக்கான எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு, டெஸ்டரால் சோதித்த பிறகே சுவிட்ச் மூடிகளைக் கழற்றுங்கள். மாடுலர் சுவிட்ச் என்றால் வெளிச்சட்டம் மட்டும் கழன்று வரும். திறந்த பெட்டியைப் பாலித்தீனால் மூடி நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். ஈரச் சுவரில் மின்சாரத்தோடு விளையாடக் கூடாது; வெளிச்சம் வேண்டுமானால் பக்கத்து அறையிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளுங்கள்.

ஏசி ஓடும் சுவர் என்றால் அதை முந்தின நாளே நிறுத்திவிடுங்கள். தரையில் போடும் தார்ப்பாயின் ஓரத்தைச் சுவரடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். பசை கலந்த தண்ணீர் டைல்ஸில் சொட்டினால் வழுக்கும். ஏணியிலிருந்து இறங்கும்போது விழுவது அப்படித்தான்.

வினைல் வால்பேப்பரை எடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் உலர்ந்த நிலையில் மேல் படலம். கீழ் மூலையைத் தகட்டால் தூக்கி, இரு கையாலும் பிடித்து, உரிந்த பகுதியை மேல்நோக்கி மடித்துச் சுவரை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். உங்கள் பக்கமாக நேரே இழுத்தால் அந்த விசை முழுதும் பட்டியின் மேல் விழும்; பட்டி பெயர்ந்து வரும். நல்ல தாளாக இருந்தால் தரையிலிருந்து கூரை வரை ஒரே பட்டையாக வரும். நடுவில் கிழிந்தால் கிழிந்த இடத்தை இழுக்காதீர்கள். பக்கத்து இணைப்பிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

இப்போது சுவரில் அடித்தாள் மட்டும் இருக்கும். இதுதான் தண்ணீர் குடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் 5 லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு தேக்கரண்டி கலந்து, மேலிருந்து கீழாக 3 அடி அகலத்துக்குத் தெளியுங்கள். மேலே தெளித்தது வழிந்து கீழேயும் நனைக்கும் என்பதால் கீழே குறைவாகவே தேவைப்படும். பத்து நிமிடம் விடுங்கள். மறுபடி தெளியுங்கள். இன்னும் ஐந்து நிமிடம். தாள் கருத்து, சுவரின் நிழல் உள்ளிருந்து தெரிய ஆரம்பித்தால் ஊறிவிட்டது என்று அர்த்தம்.

தகட்டைச் சுவரோடு 30 பாகைக்கும் குறைவான சாய்வில் வைத்துத் தள்ளுங்கள். ஊறிய தாள் சுருண்டு சுருண்டு வர வேண்டும். தள்ளுவதற்குப் பலம் தேவைப்படுகிறதென்றால் இன்னும் ஊறவில்லை. தகட்டைக் கீழே வைத்துவிட்டு ஸ்ப்ரேயரை எடுங்கள். முதல் பகுதியைச் சுரண்டத் தொடங்கும் முன் அடுத்த பகுதியை நனைத்துவிட்டால் காத்திருக்கும் நேரம் வீணாகாது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் மூடிவைப்பது இந்தக் கட்டத்தில் உதவும். சித்திரை வெயிலில் திறந்த ஜன்னல் அருகே பத்து நிமிடத்தில் தாள் காய்ந்து மறுபடி இறுகிவிடும்.

சுரண்டிய இடத்தை ஈரம் இருக்கும்போதே ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். காய்ந்த பிறகு பசையைக் கழுவ இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

வினிகர், துணிக்குப் போடும் கண்டிஷனர் இவற்றைக் கலக்கச் சொல்கிறார்களே?

பசையைக் கரைப்பது முக்கியமாகத் தண்ணீரும் சூடும் நேரமும். சோப்பு, தண்ணீர் உருண்டு ஓடாமல் தாளுக்குள் இறங்க உதவுகிறது. கண்டிஷனரும் அதே உதவியைத்தான் செய்கிறது. ஆனால் அதில் உள்ள மெழுகு போன்ற பொருள் சுவரில் தங்கினால் ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பிடிப்பதைக் கெடுக்கும்.

வினிகர் அமிலம். சுண்ணாம்பும் சிமென்ட் பட்டியும் காரம். இரண்டும் சேர்ந்தால் பட்டியின் மேற்பரப்பு அரிக்கும். சோப்புத் தண்ணீரில் வராத பசைக்கு மட்டும், நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு வினிகர் என்று சிறு இடத்தில் முயன்று, உடனே நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். வினிகர் பயன்படுத்திய அறையில் பிளீச்சிங் பவுடரை எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

கொதிக்கும் தண்ணீர் தேவையில்லை. கை பொறுக்கும் சூடு போதும்.

கீறல் போடும் கருவி, ஆவி இயந்திரம் எல்லாம் தேவையா?

பற்சக்கரம் உள்ள கீறல் கருவி வினைலில் துளையிட்டுத் தண்ணீர் இறங்க வழி செய்யும். மேல் படலம் எந்த வகையிலும் உரியவில்லை என்றால்தான் அது. அழுத்திப் பிடித்தால் ஒவ்வொரு பல்லும் பட்டியில் ஒரு குழி போடும்; நூற்றுக்கணக்கான குழிகளைப் பிறகு நிரப்ப வேண்டியிருக்கும். அதைவிட 60 நம்பர் உப்புத்தாளால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது பாதுகாப்பானது.

துணி ஆவி இஸ்திரிக் கருவி வீட்டில் இருந்தால் பிடிவாதமான இடங்களுக்குப் பயன்படும். ஓரிடத்தில் 15 நொடிக்கு மேல் பிடிக்காமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். ஜிப்சம் சுவரில் ஆவியே வேண்டாம்.

ஓரங்களும் இணைப்புகளும் மட்டும் எத்தனை ஊறினாலும் வரவில்லை. ஏன்?

அங்கே ஃபெவிகால் போட்டிருப்பார்கள். தாளின் நடுப்பகுதிக்கு மாவுப்பசை, தூக்க வாய்ப்புள்ள ஓரங்களுக்கு ஃபெவிகால் என்பது வால்பேப்பர் ஒட்டுபவர்களிடம் பரவலான பழக்கம். மாவுப்பசை தண்ணீரில் முழுக்க இளகும். ஃபெவிகால் காய்ந்தபின் கரையாது. ஆனால் நீண்ட நேரம் ஊறினால் பால் போல் வெளுத்து ரப்பர் மாதிரி மென்மையாகும். அந்த நிலையில் சுரண்ட வேண்டும்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஓரத்தின் மேல் பரப்பி, மேலே பாலித்தீன் தாளை அழுத்தி டேப் ஒட்டுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் வெளுத்திருக்கும். இன்னும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் மறுபடி துணி. சுவர் முழுவதும் ஃபெவிகால் கலந்து ஒட்டியிருந்தால் நேரம் பார்க்காமல் இந்த முறையையே பகுதி பகுதியாகச் செய்யுங்கள், அல்லது மெல்லிய பட்டி அடுக்கோடு சேர்த்துச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பட்டி பார்க்க முடிவெடுங்கள். பெரிய சுவரில் இரண்டாவது வழிதான் மலிவு.

ஸ்டிக்கர் வகைக்கு என்ன முறை?

இங்கே தண்ணீருக்கு வேலையே இல்லை. ஸ்டிக்கர் பசை சூட்டில் இளகும். ஹேர் டிரையரை ஆறு அங்குல தூரத்தில் பிடித்து, ஒரு அடி பகுதியை அரை நிமிடம் சூடாக்கி, தாளை அதன் மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள். விநாடிக்கு ஒரு அங்குலம் என்ற வேகம் சரியாக இருக்கும். வேகமாக இழுத்தால் பசை சுவரில் தங்கும், எமல்ஷன் கையில் வரும். பெயின்ட் தொழிலாளர்கள் வைத்திருக்கும் ஹீட் கன் இதற்கு அதிகம். வினைல் உருகிக் கருகிவிடும், புகையும் நல்லதல்ல.

பசை தங்கிவிட்டால் உப்புத்தாள் போடாதீர்கள். தேய்த்த சூட்டில் பசை இளகித் தாளை அடைத்துவிடும். துணியில் சிறிது டர்பெண்டைன் நனைத்து வட்டமாகத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், சமையலறைச் சுவர் என்றால் அடுப்பும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் பசை போகும் என்பது உண்மைதான், கண்ணாடிக்கும் மரத்துக்கும். சுவர் எண்ணெயைக் குடித்துவிட்டால் அந்தக் கறை பெயின்டின் மேலும் தெரியும்.

பசை சுவர் முழுக்க இருந்தால் துடைத்துக்கொண்டே இருப்பதைவிட, அந்த எமல்ஷன் அடுக்கையே தகட்டால் சுரண்டி எடுப்பது விரைவு.

செங்கல் வடிவ ஃபோம் ஸ்டிக்கர் பிய்ந்து பிய்ந்து வருகிறது. என்ன செய்வது?

ஃபோம் தன் பசையைவிடப் பலவீனமானது. இழுத்தால் தன்னையே கிழித்துக்கொள்ளும். அதனால் இழுக்காமல் அறுக்க வேண்டும். மீன் பிடிக்கும் தூண்டில் நரம்பை இரண்டு அடி நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் சிறு குச்சி கட்டி, ஃபோமுக்கும் சுவருக்கும் இடையில் ரம்பம் போல் இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே கீழிறங்குங்கள். ஹேர் டிரையரால் சூடாக்கியபடி இரண்டு பேர் செய்தால் சுலபம். மீதமுள்ள மெல்லிய ஃபோம் படலத்தைச் சூடாக்கித் தகட்டால் உருட்டி எடுங்கள். இந்த வகையில் சுவர் சேதமில்லாமல் தப்புவது அரிது. மறுபடி பட்டி பார்க்கும் செலவை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் முழுக்க வந்துவிட்டது. இனி பெயின்ட் அடிக்கலாமா?

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. தாளைவிடப் பசை முக்கியம். கண்ணுக்குத் தெரியாமல் சுவரில் தங்கிய பசைப் படலத்தின் மேல் தண்ணீர் சார்ந்த ப்ரைமர் பட்டதும் பசை மீண்டும் ஈரமாகி ஊதும், காயும்போது சுருங்கும். மேலே இருக்கும் பெயின்ட் அதோடு சேர்ந்து வலைப்பின்னல் போல வெடிக்கும். ஓரிரு மாதத்தில் செதில் செதிலாக உதிரும். “நல்ல கம்பெனி பெயின்ட்தான், ஆனாலும் உரிகிறது” என்ற புகார் பழைய வால்பேப்பர் சுவர்களில் வந்தால் பெயின்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கழுவும் முறை: இரண்டு வாளி. ஒன்றில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். சோப்புத் தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து, கொஞ்சம் அழுத்தி, மேலிருந்து கீழாகத் தேயுங்கள். அடுத்த ஸ்பாஞ்சால் வெறும் தண்ணீர் கொண்டு துடையுங்கள். 15 சதுர அடிக்கு ஒருமுறை இரண்டு வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். கலங்கிய தண்ணீரில் கழுவினால் ஓரிடத்துப் பசையை இன்னோரிடத்தில் பூசுகிறோம், அவ்வளவுதான். முழுச் சுவரும் முடிந்தபின் மறுநாள் இன்னொரு முறை.

பசை போய்விட்டதா என்று பார்க்க மூன்று வழிகள். ஈரக் கையால் தடவுங்கள். வழுவழுவென்று வழுக்கினால் பசை இருக்கிறது, சொரசொரப்பாக இழுத்தால் இல்லை. சுவர் காய்ந்தபின் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். பசை உள்ள இடம் மினுங்கும். மூன்றாவது, மருந்துக் கடையில் கிடைக்கும் பெட்டாடின் போன்ற அயோடின் கரைசலில் ஒரு சொட்டை மூன்று சொட்டுத் தண்ணீரில் கலந்து பஞ்சால் தொட்டு வைப்பது. மாவுப்பசை இருந்தால் கருநீலமாக மாறும். வால்பேப்பர் படாத வேறொரு சுவரிலும் ஒரு புள்ளி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சோதித்த புள்ளிகளைப் பிறகு உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள். செல்லுலோஸ் பசையும் ஃபெவிகாலும் இந்தச் சோதனையில் மாவுப்பசை போலப் பிடிபடாது, ஆகவே கையால் தடவிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

தாளுக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது.

வினைல் காற்றையும் ஈரத்தையும் விடாது. சுவருக்குள் வரும் ஈரம் வெளியேற வழியின்றித் தாளுக்குப் பின்னால் தேங்கும். மாவுப்பசையோ பூஞ்சைக்கு நல்ல உணவு. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வருடம் முழுக்க ஈரக்காற்று. அங்கே வெளிச்சுவரின் உட்பக்கத்தில் ஒட்டிய வால்பேப்பர்களில் இது மிகச் சாதாரணம். ஏசி போட்ட அறையின் குளிர்ந்த சுவரில் இன்னும் அதிகம்.

உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே தாளை எடுத்து, அங்கேயே பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். அறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் அன்று வேறெங்காவது இருக்கட்டும். பூஞ்சை மூன்றடிக்கு மூன்றடியைத் தாண்டிப் பரவியிருந்தால் இந்த வேலை தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். கழுவிக் காய்ந்த சுவரில், பெயின்ட் கடையில் கிடைக்கும் பூஞ்சைக்கொல்லிக் கரைசலை டப்பாவில் போட்ட அளவுப்படி பூசுங்கள்.

இதெல்லாம் அடையாளத்தை அழிப்பதுதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த ஐப்பசி மழைக்கு அதே இடத்தில் கருப்பு வரும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் ஈரமும் வெள்ளை உப்பும் தெரிந்தால் அது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். ஒரு திட்டாக இருந்தால் மறுபக்கம் குளியலறைக் குழாயோ வெளிச்சுவர் விரிசலோ ஏசி தண்ணீர்க் குழாயோ இருக்கிறதா பாருங்கள். கூரையை ஒட்டி இருந்தால் மாடித் தளத்தையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள்.

சுவர் காய்ந்துவிட்டதை எப்படி உறுதி செய்வது?

ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர்த்துளி பூத்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமானால் அறைக் காற்றில்தான் ஈரம், சுவர் சரி. மாசி, பங்குனியில் மின்விசிறி ஓடினால் மூன்று நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கூடுமானால் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையையே தொடங்க வேண்டாம்.

பட்டி ஆங்காங்கே பெயர்ந்துவிட்டது. முழுச் சுவருக்கும் பட்டி பார்க்க வேண்டுமா?

விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடம் பூச்சை விட்டுக் கழன்றிருக்கிறது. அதையும் சுரண்டி எடுங்கள். சேதம் சுவரில் கால் பங்குக்குள் இருந்தால் அந்த இடங்களுக்கு மட்டும் போதும். அதற்கு மேல் என்றால் முழுச் சுவருக்கும் இரண்டு கோட் பட்டி பார்ப்பதே அழகாக முடியும். ஒட்டுப் போட்டது பக்கவாட்டு வெளிச்சத்தில் எப்போதும் தெரியும்.

வெள்ளை சிமென்ட் பட்டி கிலோவுக்கு 350 முதல் 400 மி.லி. தண்ணீர், பையில் போட்டிருக்கும் அளவே இறுதி. கட்டியில்லாமல் கலக்கிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றித் தளர்த்தினால் அது பிறகு மாவாக உதிரும். பூசும் முன் சுவரை லேசாக நனையுங்கள். ஒரு கோட் ஒன்றரை மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். ஆழமான குழியை இரண்டு தடவையாக நிரப்புங்கள். பத்துக்குப் பத்துச் சுவருக்கு இரண்டு கோட்டுக்கு 6 முதல் 8 கிலோ ஆகும். காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 320. தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ப்ரைமர்.

எந்த ப்ரைமர் நல்லது?

பசை முழுக்கப் போன சுவருக்குத் தண்ணீர் ப்ரைமர் ஒரு கோட் போதும். எத்தனை கழுவியும் சந்தேகம் தீராத சுவருக்கு எண்ணெய் ப்ரைமர். அதில் தண்ணீர் இல்லை என்பதால் எஞ்சிய பசையைக் கிளப்பாமல் மூடிவிடும். ஆனால் புதிதாகப் பார்த்த சிமென்ட் பட்டியின் காரம் எண்ணெய் ப்ரைமரைச் சோப்பாக்கிவிடும். அதனால் எண்ணெய் ப்ரைமரைப் பழைய, நன்றாகக் காய்ந்த பரப்பில் அடித்து, தேவையென்றால் அதன் மேல் அக்ரிலிக் பட்டி வையுங்கள்.

தாளுக்கு அடியில் பழைய பளபளப்பான எண்ணெய்ப் பெயின்ட் இருக்கிறது. ஆபத்து உண்டா?

வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அந்தப் பரப்பை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நீர் எமரித் தாளை நனைத்துத் தேய்த்து, சேறு போல் வருவதைத் துணியால் எடுத்துவிடுங்கள். குழந்தைகள் தவழும் வீட்டில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

வாடகை வீட்டில் நாங்கள் ஒட்டிய வால்பேப்பர். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்களா?

உரிக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டிப் பேசிவிடுங்கள். பட்டி கழன்றால் யார் செலவு என்பது அப்போதே முடிவாகட்டும். அந்த ஒரு சுவருக்குப் பட்டியும் பெயின்டும் நீங்களே செய்து தருவது பெரும்பாலும் பிடித்தம் செய்யும் தொகையைவிடக் குறைவாகவே வரும். நிறம் பொருந்த, முன்பு அடித்த பெயின்டின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

பெயின்டரிடம் விட்டால் எதைப் பேசிக்கொள்ள வேண்டும்?

“வால்பேப்பர் எடுக்க இவ்வளவு” என்று மொத்தமாகப் பேசினால் பசை கழுவும் வேலை காணாமல் போய்விடும். தாள் எடுப்பது, பசையை இரண்டு முறை கழுவுவது, காயவிடும் நாட்கள், பட்டி எத்தனை கோட், ப்ரைமர் எது என்று தனித்தனியாகச் சொல்லி சதுர அடிக் கணக்கில் விலை கேளுங்கள். “நேரே பட்டி போட்டு மூடிடலாம்” என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். பசையின் மேல் பட்டி நிற்காது.

டொரன்டோ, லண்டன் வீடுகளுக்கும் இதே முறைதானா?

பசையைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும். சுவர் வேறு. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் பலகை. அதன் முகமே காகிதம். அதிகத் தண்ணீர் பட்டால் அந்தக் காகிதம் கொப்புளித்துக் கிழியும், தகட்டின் முனை பட்டால் குழி விழும். குறைவாக நனைத்து, பிளாஸ்டிக் தகட்டால் எடுங்கள். கிழிந்த பழுப்புக் காகிதத்தை எண்ணெய் ப்ரைமரால் மூடிய பிறகே பட்டி. இல்லையென்றால் பட்டியின் ஈரத்தில் அது குமிழியிடும். அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயப் பெயின்ட் சோதனை செய்துகொள்ளுங்கள்.

லண்டனின் பழைய வீடுகளில் மரத்தூள் பதித்த சொரசொரப்பான தாள் இருக்கும், பல கோட் பெயின்டோடு. அதற்குக் கீறல் கருவியும் வாடகை ஆவி இயந்திரமும் வேண்டியிருக்கும். ஆனால் சுவரிலோ கூரையிலோ புடைப்பு வடிவப் பூச்சு இருந்து, அது 2000க்கு முந்தையது என்றால் சுரண்டாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆய்வகச் சோதனைக்குப் பிறகே கை வையுங்கள்.

உரித்த தாளை எரித்துவிடலாமா?

கூடாது. வினைல் எரிந்தால் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் அமில வாயு வரும். பைகளில் கட்டி உலர்குப்பையில் போடுங்கள். கழுவிய பசைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டு ஊற்றுங்கள். தாள் துணுக்குகள் குளியலறைக் குழாயில் பசையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.